கணக்கில் வராத ஆண்கள்

தெருவை நம்பிப் பாலியல் தொழில் செய்கிறவர்களில் ஆண்களும் உண்டு. பேருந்து நிலையக் கழிப்பறைப் பக்கம், ரயில் நிலையத்தை ஒட்டிய சந்து, இருட்டிய பிறகான கடற்கரை மணல், லாரிகள் ஒதுங்கும் நெடுஞ்சாலை ஓரம் என்று சென்னையிலும் தமிழ்நாட்டின் மற்ற பெரிய ஊர்களிலும் இவர்களுக்கான இடங்கள் இருக்கின்றன. பெண்களின் தொழிலைச் சுற்றி இருக்கும் லாட்ஜ், புரோக்கர், வீடு எடுத்து நடத்துகிற ‘அக்கா’ போன்ற ஏற்பாடுகள் இவர்களுக்குப் பெரும்பாலும் கிடையாது. ஆளைத் தேடுவது, பேரம் பேசுவது, இடம் பார்ப்பது, அடி விழுந்தால் வாங்கிக்கொள்வது எல்லாமே ஒற்றை ஆளின் பாடு. பலருக்குப் பகலில் வேறு வேலை உண்டு. ஓட்டலில் சமையல், கேட்டரிங், தையல், கட்டட வேலை, திருவிழா ஆட்டம் என்று போய்க்கொண்டிருக்கும். மாசக் கடைசியில் விழும் துண்டுக்கு இந்தக் காசு. இதை மட்டுமே நம்பி இருப்பவர்களில் பலர் வீட்டை விட்டு வந்தவர்கள், அல்லது வீட்டார் அடித்துத் துரத்தியவர்கள்.

இவர்கள் எல்லோரும் ஒரே ரகம் இல்லை. பெண்மை கலந்த இயல்பும் ஆண்கள்மேல் ஈர்ப்பும் உள்ளவர்கள் தங்களுக்குள் ‘கோத்தி’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஆண்மைத் தோரணையோடு வருகிறவர், வாடிக்கையாளராக இருந்தாலும் காதலராக இருந்தாலும், ‘பந்தி’. தொழிலுக்குப் பெயர் ‘தந்தா’. திருநங்கையர் புழங்கும் பேச்சுக்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு. ஆனால் கோத்திகளில் பெரும்பாலோர் பேன்ட் சட்டையில்தான் ஊருக்குள் நடமாடுகிறார்கள். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்களும் நிறைய. இவர்களைத் தவிர, ‘எனக்கு ஆம்பளைங்க மேல ஆசையெல்லாம் இல்லை, காசுக்குத்தான் போறேன்’ என்கிற இளைஞர்களும், மசாஜ் வேலையில் இருந்து இதற்குள் வந்தவர்களும், பிழைப்புக்காக வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். பணக்காரப் பெண்கள் காரில் வந்து இளைஞர்களை ஏற்றிப்போவதாகச் சினிமா கற்பனை செய்திருக்கிறது. பத்திரிகைகளும் அதற்குக் கொஞ்சம் எண்ணெய் ஊற்றியிருக்கின்றன. தெருவில் நடப்பது அதுவல்ல. காசு கொடுக்க வருகிறவர்கள் ஏறக்குறைய எல்லோருமே ஆண்கள், அவர்களிலும் பலர் குடும்பஸ்தர்கள்.

பேரமும் பயமும்

பேச்சு ஜாடையில்தான் தொடங்கும். ‘டைம் என்னண்ணா?’, ‘தீப்பெட்டி இருக்கா?’, ‘எந்த பஸ்ஸுக்கு நிக்கிறீங்க?’ என்பது போல எவர் காதில் விழுந்தாலும் வில்லங்கமில்லாத ஒரு கேள்வி. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவர் உண்மையிலேயே பஸ்ஸுக்கு நிற்கிறவர். பதிலுக்குப் பிறகும் பார்வை நகராமல் நின்றால் பேச்சு நீளும். காசு விஷயம் இரண்டு மூன்று வார்த்தைக்குள் முடிந்தாக வேண்டும். இரண்டு ஆண்கள் ஓரமாக நெடுநேரம் நின்று பேசினால் ரோந்து வருகிற காவலர் கண்ணில் படும். அந்த அவசரத்தில் முதலில் விடுபடுவது ஆணுறைப் பேச்சு. வேண்டாம் என்பவர் கூடுதலாக நூறு ரூபாய் தருவதாகச் சொன்னால், அன்றைய நிலையைப் பொறுத்து அது பேரத்தில் சேர்ந்துவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. சட்டைப்பையில் ஆணுறை இருந்தால் காவலர் அதையே சாட்சியாக்குவார் என்பதால், வாங்கியதைப் பெட்டிக்கடையிலோ சுவர் இடுக்கிலோ வைத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பவர்கள் இருக்கிறார்கள். நோயைத் தடுக்க அரசு இலவசமாகக் கொடுக்கிற பொருளை அரசின் இன்னொரு கைக்குப் பயந்து ஒளித்துவைக்க வேண்டியிருக்கிறது.

வன்முறை பல வடிவில் வரும். வேலை முடிந்ததும் காசு தராமல் போவது, கொடுத்த காசோடு செல்போனையும் பிடுங்கிக்கொள்வது, தனியாள் என்று நம்பிப் போன இடத்தில் நான்கு பேர் காத்திருப்பது. மாமூல் கேட்கும் ரௌடி, மாமூல் கேட்கும் காவலர், ‘உங்க வீட்ல சொல்லிடுவேன்’ என்று மிரட்டும் பழைய கஸ்டமர் என்று பட்டியல் நீளும். கடைசியாகச் சொன்னதுதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானது. அடிபட்ட காயத்துக்கு ‘பைக்கில் இருந்து விழுந்துட்டேன்’ என்று வீட்டில் சமாளிக்கலாம். வீட்டுக்குத் தெரிந்துவிட்டால் சமாளிக்க வழியில்லை.

சட்டத்தின் கண்

இந்தியாவில் பாலியல் தொழிலைப் பற்றிய மைய சட்டம் 1956-ல் வந்தபோது அதன் பெயரிலேயே பெண்களும் சிறுமிகளும் மட்டும்தான் இருந்தார்கள். 1986 திருத்தத்தில் அது ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டமாகி, ‘நபர்’ என்ற பொதுச்சொல்லுக்கு மாறியது. பொது இடத்தில் ஆள் அழைப்பதைக் குற்றமாக்கும் 8-வது பிரிவு, முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. அதே குற்றத்தை ஓர் ஆண் செய்தால் ஏழு நாளுக்குக் குறையாமல் மூன்று மாதம் வரை என்று தனியாக ஒரு வரி. எழுதியவர்கள் மனதில் இருந்தது தரகனாகத்தான் இருக்கும். தன்னையே விலை பேசுகிற ஆணை நினைத்து எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. தெருவில் இந்தப் பிரிவுக்கே பெரிதாக வேலையில்லை. மாநகரக் காவல் சட்டத்தின் 75-வது பிரிவில் ஒரு நியூசென்ஸ் கேஸ், கொஞ்சம் அபராதம், அதற்கு முன்னால் ஸ்டேஷனில் நாலு அடி. பெரும்பாலும் அது கேஸாகவும் ஆவதில்லை.

அந்த அடிக்குப் பின்னால் நெடுங்காலம் நிழலாக நின்றது, ஆணோடு ஆண் கொள்ளும் உறவைக் குற்றமாக்கிய, 1860-ம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு. 2001-ல் லக்னோவில் எச்.ஐ.வி. தடுப்புப் பணியில் இருந்த நான்கு பேர் அந்தப் பிரிவையும் சேர்த்துக் கைது செய்யப்பட்டு ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார்கள். உதவப் போனவர்களுக்கே அந்தக் கதி. 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவின் பல்லைப் பிடுங்கியது, 2013-ல் உச்ச நீதிமன்றம் திரும்பப் பொருத்தியது, 2018 செப்டம்பர் 6 அன்று வயது வந்தவர்கள் விருப்பத்தோடு கொள்ளும் உறவு குற்றமல்ல என்று அதே உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது.

இதற்குப் பின் நடந்தது அதிகம் பேசப்படவில்லை. விருப்பமில்லாமல் நடக்கும் உறவுக்கு மட்டும் 377 உயிரோடு விடப்பட்டிருந்தது. ஓர் ஆண் இன்னோர் ஆணால் வன்புணரப்பட்டால் புகார் கொடுக்க இருந்த ஒரே பிரிவு அதுதான். பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அதற்கு இணையான பிரிவே இல்லை. புதிய சட்டத்திலும் வன்புணர்வு என்பது பெண்ணுக்கு எதிராக ஆண் செய்யும் குற்றம் மட்டும்தான். எனவே நான்கு பேர் காத்திருந்த இடத்திலிருந்து தப்பி வருகிற ஒருவர், துணிந்து காவல் நிலையம் போனாலும், அடிதடி, சட்டவிரோத அடைப்பு, வழிப்பறி என்றுதான் எழுதிக்கொடுக்க முடியும். நடந்தவற்றில் மிகப் பெரியதற்குச் சட்டத்தில் பெயர் இல்லை.

பாலியல் தொழிலாளர்களுக்கு ஆதரவாக வந்த குரல்களிலும் இதே வழுவல் உண்டு. கொரோனா காலத்தில், 2020 அக்டோபரில், தேசிய மனித உரிமை ஆணையம் பாலியல் தொழிலாளர்களை அமைப்புசாராத் தொழிலாளர்களாகக் கருதும்படி அறிவுறுத்தியது. அது பெண்களின் உரிமைகள் பற்றிய அறிவுரையில் ஒரு பகுதியாக வந்தது. 2022 மே 19 அன்று புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம், பாலியல் தொழிலாளர்களைக் காவல்துறை கண்ணியமாக நடத்த வேண்டும், அவர்கள் கொடுக்கும் புகாரை மற்றவர் புகார்போலவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவிட்டது. எழுத்தளவில் அது ஆண்களுக்கும் பொருந்தும். தன்னைப் பாலியல் தொழிலாளி என்று சொல்லிக்கொண்டு ஓர் ஆண் காவல் நிலையப் படியேறுவதுதான் நடக்க வேண்டியது.

ரத்தத்தை எண்ணும் திட்டம்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாக 1986-ல் சென்னையில் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மாணவி செல்லப்பன் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள், அரசுக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழில் செய்த பெண்களுடையவை. ஆண்களுக்கு அப்படியொரு காப்பகம் இல்லை, அதனால் மாதிரியும் இல்லை. ஆண்கள் கணக்குக்குள் வர இன்னும் சில ஆண்டுகள் ஆயின. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 1992-லும், தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994-லும் வந்தன. 1998-ல் இத்தகைய ஆண்களுக்காகச் சுனில் மேனன் சென்னையில் ‘சகோதரன்’ அமைப்பைத் தொடங்கினார்.

அரசின் பதிவேட்டில் இவர்களுக்கு இடம் கிடைத்தது ‘ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள்’ என்ற தலைப்பின் கீழ். அந்தத் தலைப்புக்குள் காதலுக்காகப் போகிறவரும் காசுக்காகப் போகிறவரும் ஒன்று. பெண் பாலியல் தொழிலாளர்களுக்குத் தனித் தலைப்பு, திருநங்கையருக்குத் தனித் தலைப்பு. திருநங்கையருக்கென்று 2008-ல் தமிழ்நாடு அரசு நல வாரியமே அமைத்தது. தெருவில் தொழில் செய்யும் ஆணுக்கு மட்டும் எந்த ஏட்டிலும் தனி வரி கிடையாது. அதனால் தமிழ்நாட்டில் இவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு நேரடியான விடையும் கிடையாது. 2021 தேசியக் கண்காணிப்புக் கணக்கெடுப்பில் ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களிடம் எச்.ஐ.வி. 3.26 சதவீதம், நாட்டின் வயது வந்தோரில் அது 0.2 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. தொழில் செய்கிறவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு மும்பையில் 2009-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வு குறிப்புத் தருகிறது: பரிசோதித்த 75 பேரில் மூன்றில் ஒரு பங்கினருக்கு எச்.ஐ.வி. இருந்தது. அந்த 75 பேரிலும் பெரும்பாலோர் திருநங்கையர். ஆண்களை மட்டும் எடுத்தால் விகிதம் குறைவுதான். இந்தக் கூட்டத்தைக் கவனிக்காமல் விடுகிறோமா என்று அதன் தலைப்பே கேட்டது.

எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தன் வேலையை ஒழுங்காகவே செய்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அதே சமூகத்திலிருந்து வந்த சக பணியாளர்கள் தெருவுக்குப் போய் ஆணுறையும் வழுவழுப்புக் களிம்பும் கொடுக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. சோதனை. இருந்தால் கூட்டுமருந்து சிகிச்சை. இவையெல்லாம் இலவசம். அலுவலகத்தோடு சேர்ந்த கூடத்தில் வாரத்தில் ஒருநாள் கூடி, பெண் உடையான ‘சத்லா’ கட்டிக்கொண்டு ஆடுவதும் பாடுவதும் சில ஊர்களில் உண்டு. வாரம் முழுக்கத் தோளை விறைப்பாக வைத்துக்கொண்டு நடந்தவர்களுக்கு அந்தச் சில மணி நேரம் எந்த ஆலோசனைக்கும் குறைந்ததல்ல. ஆனால் மாதக் கடைசியில் மேலே போகிற படிவம் கேட்பது ஆணுறை எத்தனை, சோதனை எத்தனை, தொற்று எத்தனை என்பதைத்தான். தூங்கினாயா என்பதற்கு அதில் கட்டம் இல்லை.

மனம்

2009-ல் வெளியான சென்னை ஆய்வு ஒன்றில், ஆண்களோடு உறவுகொள்ளும் 210 ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் கவனிக்க வேண்டிய அளவுக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. மும்பையில் 150 பேரிடம் நடத்தி 2011-ல் வெளியான ஆய்வு இன்னும் கடுமையானது. 45 சதவீதம் பேருக்குத் தற்கொலை எண்ணம் இருந்தது. 29 சதவீதத்தினருக்குத் தீவிர மனச்சோர்வு, 24 சதவீதத்தினருக்குப் பதற்ற நோய். அந்த 150 பேரில் ஒருவர்கூட மனநல சிகிச்சையில் இல்லை. கடைசி வரிதான் மற்ற எண்களைவிட அதிகம் சொல்கிறது.

இந்தச் சோர்வு எங்கிருந்து வருகிறது என்பதில் வெளியார் ஊகம் பெரும்பாலும் தவறிப்போகிறது. தொழில் அருவருப்பாக இருப்பதால் மனம் கெடுகிறது என்பது சுலபமான விளக்கம். தொழில் செய்கிறவர்களின் பேச்சில் அடிக்கடி வருவது இரட்டை வாழ்க்கையின் களைப்பு. வீட்டுக்கு ஒரு பெயர், தெருவுக்கு ஒரு பெயர். இரண்டு சிம், பூட்டு போட்ட போன், நைட் ஷிஃப்ட் என்று சொன்ன பொய்யைக் காப்பாற்ற இன்னும் பத்துப் பொய். தங்கை கல்யாணத்துக்கு எங்கிருந்து பணம் வந்தது என்று கேட்டால் சொல்லச் சீட்டுப் பணம் என்று ஒரு பதில் தயாராக இருக்க வேண்டும். ‘உனக்கு எப்போ கல்யாணம்?’ என்ற கேள்விக்கு இருபத்தைந்து வயதிலிருந்து பதில் தேட வேண்டும். கடைசியில் வீட்டார் முடித்துவைத்த கல்யாணத்தில், ஒன்றும் அறியாத ஒரு பெண்ணும் இந்தச் சுமையில் பங்குதாரர் ஆகிறாள். அவளுடைய மனநலம் எந்த ஆய்விலும் ஏறுவதே அரிது.

அமெரிக்க உளவியலாளர் இலான் மேயர் 2003-ல் விரித்துச் சொன்ன ‘சிறுபான்மை அழுத்தம்’ என்ற கருத்து இதற்குப் பொருந்தும். வெளியிலிருந்து வரும் ஏச்சும் அடியும் ஒரு பங்கு. எப்போது மாட்டிக்கொள்வோமோ என்ற ஓயாத எச்சரிக்கை இன்னொரு பங்கு. ஊர் சொன்னதைத் தானே நம்பத் தொடங்குவது மூன்றாவது. மூன்றாவது வந்துவிட்டால், அடிபட்டவர் ‘எனக்கு இது தேவைதான்’ என்கிறார். அப்படிச் சொல்கிறவரிடம் ஆணுறையைத் திணித்துப் பயனில்லை. காப்பாற்றிக்கொள்ளத் தகுந்த உடம்பு தன்னுடையது என்று அவருக்குத் தோன்ற வேண்டும். மனச்சோர்வு, குடி, வன்முறை, நோய்த்தொற்று நான்கும் ஒன்றையொன்று வளர்ப்பதை வெங்கடேசன் சக்ரபாணி போன்ற ஆய்வாளர்கள் இந்தியத் தரவுகளைக் கொண்டே காட்டியிருக்கிறார்கள். குடியின் பங்கு கண்ணுக்கு நேராகத் தெரிவது. டாஸ்மாக்கில் ஒரு கட்டிங் போட்டால்தான் தெருவில் நிற்கத் தைரியம் வரும். போட்டபின் ஆளை எடைபோடும் புத்தி மழுங்கும். மறுநாள் காலை எழுந்ததும் முந்தைய இரவு நினைவுக்கு வரும். சாயங்காலம் இன்னொரு கட்டிங்.

காதலுக்கும் இதில் இடமுண்டு. பல கோத்திகளுக்குப் ‘புருஷன்’ என்று அழைக்கும் நிலையான ஒருவர் இருப்பார். தெருவில் சம்பாதித்ததில் பெரும்பங்கு அவருக்குச் செல்போனாகவும் பைக் தவணையாகவும் போகும். ஒருநாள் அவருக்கு ஊரில் பெண் பார்ப்பார்கள். தங்கள் உறவுக்கு உரிமை கோர எந்தப் பஞ்சாயத்தும் இல்லாதவர் கல்யாண மண்டபத்துக்கு மொய் எழுதப் போய்விட்டு வர வேண்டும். கையில் பிளேடு கீறல்களோடு ஆலோசகர் முன்னால் உட்காருகிறவர்களின் கதையில் இந்தக் கல்யாணம் அடிக்கடி வருகிறது.

மருந்தே மனதைக் குலைத்த கதையும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்புவரை எச்.ஐ.வி.க்கான முதல்நிலைக் கூட்டு மாத்திரையில் எஃபாவிரென்ஸ் இருந்தது. தலைச்சுற்றல், பயங்கரக் கனவு, மனச்சோர்வு ஆகியவை அதன் அறியப்பட்ட பக்கவிளைவுகள். அதனாலேயே படுக்கப்போகும்போது போடச் சொல்வார்கள். இரவில் தொழில் செய்கிறவர் எப்போது படுக்கப்போவார்? போட்டுவிட்டு நின்றால் தள்ளாட்டம், போடாமல் விட்டால் வைரஸ் பெருக்கம். 2020-க்குப் பிறகு டோலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரை வந்ததில் அந்தத் தொல்லை பெருமளவு தீர்ந்தது. மாத்திரை டப்பாவை வீட்டில் எங்கே ஒளிப்பது என்ற தொல்லை அப்படியேதான் இருக்கிறது.

உதவிக்கான வழி

சட்டத்தில் வழி திறந்துதான் இருக்கிறது. 2018-ல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் பாலீர்ப்பைக் காட்டி சிகிச்சை மறுப்பதைத் தடுக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிப்பதையும் ஏறக்குறைய முடிவுக்குக் கொண்டுவந்தது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஒருவருடைய பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சைகளைத் தடை செய்யச் சொன்னார். அதன் தொடர்ச்சியாக 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய சிகிச்சையைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது.

நடைமுறையில் தடுப்பது வேறு. ஒருவரை மனநல மருத்துவரிடம் அனுப்ப ஆலோசகர் நினைத்தால், சென்னையில் முதலில் நினைவுக்கு வருவது கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. 1794-ல் தொடங்கிய அந்த மருத்துவமனையின் ஊர்ப்பெயரே தமிழில் வசவாகிவிட்டது. ஏற்கெனவே ஒரு வசவைச் சுமப்பவர் இரண்டாவதற்கு எப்படிச் சம்மதிப்பார்? அரசு பொது மருத்துவமனை என்றால் பகலில் வரிசை, பெயர்ப் பதிவு, கூட யார் வந்திருக்கிறார்கள் என்ற கேள்வி. இரவெல்லாம் விழித்தவர் காலை எட்டு மணிக்கு டோக்கன் வாங்க முடிவதில்லை. மருத்துவரிடம் போனாலும் தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொல்லித் தூக்க மாத்திரை வாங்கித் திரும்புவது வழக்கம். தொழிலைச் சொன்னால் அடுத்த முறை அந்தப் பக்கம் போக முடியாது என்பது அவர் கணக்கு.

இந்தத் தடைகளைத் தாண்ட வழி இருக்கிறது. சென்னையின் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் மும்பையின் ஹம்சஃபர் அறக்கட்டளையும் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து, ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களுக்கு ஆலோசனை முறை ஒன்றை வகுத்துச் சோதித்தன. குழுவாகச் சில அமர்வு, தனியாகச் சில அமர்வு. எச்.ஐ.வி. தற்காப்பும் தன்னைத்தானே ஏற்றுக்கொள்வதும் அதில் ஒரே பாடம். பாதுகாப்பான உறவைப் பற்றிப் பேச வந்தவரிடம் முதலில் அவர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்பதுதான் அதன் அடிப்படை. சக பணியாளர்களையும் திட்ட அலுவலகத்தின் ஆலோசகர்களையும் இதற்குப் பழக்கலாம்; கூடம் ஏற்கெனவே இருக்கிறது, வருகிறவர்களும் இருக்கிறார்கள், புதிதாகக் கட்டடம் வேண்டியதில்லை. பெயர் சொல்ல விரும்பாதவர்களுக்குத் தொலைபேசி உதவும். அரசின் டெலி மானஸ் எண் 14416 இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். தற்கொலைத் தடுப்புக்காக 1986 முதல் சென்னையில் இயங்கும் ‘சினேகா’வும் உண்டு.

இதற்கிடையே தெருவே மாறிக்கொண்டிருக்கிறது. செல்போன் செயலிகள் வந்தபின் இளைஞர்கள் பலர் பேருந்து நிலையத்தில் நிற்பதில்லை. அறையில் இருந்தபடியே பேரம் முடிகிறது. போலீஸ் ரோந்து தொல்லை குறைந்தது, போலிப் புகைப்படம் வைத்து வரவழைத்துப் பணம் பறிக்கும் கும்பல் தொல்லை கூடியது. சக பணியாளர் கண்ணிலும் இவர்கள் படுவதில்லை. தெருவில் மிச்சம் நிற்பவர்கள் அதிகமும் வயதானவர்கள், ஏழைகள், ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள்.

முப்பது வயது தாண்டினால் தெருவில் விலை இறங்கும். நாற்பதில், முன்பு மறுத்ததையெல்லாம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். ஆணுறை வேண்டாம் என்கிற ஆளையும்தான். சேமிப்பு கிடையாது, தொழிலைச் சொல்லிச் சேர நல வாரியம் கிடையாது. சிலர் சமையல் காண்ட்ராக்டில் நிலைத்துவிடுகிறார்கள், சிலர் மனைவி பிள்ளைகளிடமே திரும்புகிறார்கள், சிலர் கோயில் ஊர்களில் ஒதுங்குகிறார்கள். கௌரவமான மாற்று என்று பார்த்தால், சக பணியாளராகச் சேர்ந்து முன்பு தான் நின்ற இடத்திலேயே அடையாள அட்டையோடு நிற்பதுதான். ஊதியம் கொஞ்சம், வேலை ஒப்பந்தம். அதன் ஆயுள் திட்டத்தின் ஆயுளோடு கட்டப்பட்டது: தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 2021 ஏப்ரலில் தொடங்கி 2026 மார்ச் வரைக்கும் வகுக்கப்பட்டது.